பன்னிரண்டு மணிவரை அரசாங்கத்தின் இயந்திரம்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு சி.ரி. ஸ்கான் இயந்திரம் வந்தபோது அதன் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை கிடைத்தது. கட்டடமும் மின்சாரமும் அரசாங்கத்தினுடையவை. இயந்திரம் ஒரு தனியார் கம்பனியினுடையது. பன்னிரண்டு மணிவரை அரசாங்க நோயாளருக்கு இலவசம். அதற்குப் பிறகு, கம்பனி தான் போட்ட பணத்தைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேராவிட்டால் இங்கே அப்படியொரு இயந்திரம் வந்தே இராது என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் வாசித்து, வாசலில் ஒட்டிய அறிவித்தலைத் தமிழில் எழுதியவளும் நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அப்பா சல்லிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர். வள்ளத்தைக் கரையேற்றும்போது சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டது. பத்து நாளாகத் தலைச்சுற்று. டொக்டர் ஸ்கானுக்கு எழுதினார். அன்றைய இலவசப் பட்டியலில் மூன்று பேர் மிச்சம். முதலில் அப்பா, அடுத்து சம்பூரில் வயல் செய்யும், ஒரு கை மரத்துப்போன கமக்காரர், கடைசியாகக் கைக்குழந்தையுடன் ஒரு தாய்.

குழந்தை வீரிட்டு அழுதது. நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் அப்பா தன் முறையை அந்தத் தாய்க்குக் கொடுத்துவிட்டார்.

"என்னப்பா செய்தனீங்கள்?"

"பச்சைப்பிள்ளை கத்துது. அடுத்தது எனக்குத்தானே."

கரைவலையில் அப்படித்தான். ஒருவர் முறையை விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை அவருடையது. எழுதிவைப்பதில்லை, யாரும் மீறுவதுமில்லை. ஆனால் இங்கே குழந்தையை அசையாமல் கிடத்த மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதிலேயே நேரம் போய்ப் பன்னிரண்டாகிவிட்டது.

"இனிக் கம்பனியின்ர நேரம், அப்பா. இலவசம் எண்டால் மூண்டு கிழமை செல்லும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து போட்ட வலை எண்டு நீதானே கதைச்சனீ? மத்தியானத்துக்குப் பிறகு ஒருத்தன் மட்டும் இழுக்கிறானோ?"

கமக்காரர் சிரித்தார். "மகளை நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறீங்கள், அண்ணை. கதவையும் அவவே பூட்டுறா."

என் சம்பளத்திலிருந்து கட்டி அப்பாவை ஒரு மணிக்கு உள்ளே அனுப்பினேன். கமக்காரருக்கு மூன்று வாரம் தள்ளி ஒரு திகதி எழுதிக் கொடுத்தேன். "ஓம் பிள்ளை" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அப்பாவின் தலையில் ஒன்றுமில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "நான் விட்டுக்குடுத்ததாலதானே அந்தக் கமக்காரருக்கும் முறை போனது. அவரையும் உள்ள விடச்சொல்லி ஒருத்தரிட்டையும் கேக்க ஏலாதோ?"

"ஒப்பந்தம் அப்பிடி, அப்பா."

அன்று பின்னேரம் இயந்திரம் சும்மாதான் இருந்தது. கம்பனி மேலாளரிடம் கேட்டிருக்கலாம்; மறுத்துமிருப்பார். நான் கேட்கவே இல்லை. சேர்ந்து இரண்டு மாதம், எனக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது.

குறித்த திகதியில் கமக்காரர் வரவில்லை. அவருடைய தொலைபேசி இலக்கத்தைக்கூட நான் வாங்கியிருக்கவில்லை. பெயருக்கு நேரே 'சமூகமளிக்கவில்லை' என்று எழுதிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டேன்.