மஞ்சள் கோட்டுக்குள் ஆறரை கிலோமீட்டர்

மகள் மதுமிதா பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி மாறியிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து சைக்கிளில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீரபாண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி ஆறரை கிலோமீட்டர். சாலையோரம் மஞ்சள் கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்து, தனிப்பாதை விட்டிருக்கிறார்கள். முதலில் நான் ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தினமும் கம்பெனி வேனில் போகும் சாலைதான். போன சனிக்கிழமை லீவு போட்டேன்.

காற்றுக்கும் செயின் எண்ணெய்க்கும் முப்பது ரூபாய் ஆனது. 7.50-க்குக் கிளம்பினேன். முதல் இரண்டு கிலோமீட்டர் சுகம். பாதை நான்கடி அகலம், குழி இல்லை. பரவாயில்லையே என்று மனதுக்குள் பாராட்டினேன்.

அந்தப் பாராட்டு எட்டு மணி வரை தாங்கியது. பிறகு ஐம்பதடிக்கு ஒருவர் டிபன் பாக்ஸோடு கோட்டுக்குள் நிற்கிறார். அவரை ஏற்றக் கம்பெனி வேனும் கோட்டுக்குள் வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நான் வலப்பக்கம், லாரிகளுக்கு நடுவே இறங்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்கவே பயம். மது இதைப் புத்தகப் பையோடு செய்ய வேண்டும்.

8.17 இருக்கும். நான்காவது கிலோமீட்டரில் ஏதோ டெம்போவிலிருந்து விழுந்த கட்டிங் வேஸ்ட், துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள், பாதையில் சிதறிக் கிடந்தது. நீளமான பனியன் துணித்துண்டு ஒன்று செயினில் சுற்றிக்கொண்டது. பெடல் இறுகி, சைக்கிளோடு சாலைப் பக்கம் சாய்ந்தேன். பின்னால் பிரேக் அலறியது. நிமிர்ந்தால் என் தலைக்கு ஒரு முழ தூரத்தில் வேன் சக்கரம்.

"ஏனுங் சார், நீங்களா! அடி கிடி படலீங்களே?" என்று ஓடி வந்தார் செல்வராசு. எங்கள் கம்பெனி வேன் டிரைவர்.

"இப்படியா ஓட்டுவீங்க? திங்கக்கிழமை எம் பொண்ணு வருவா இந்த வழில" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. துணியைச் செயினிலிருந்து உருவிக்கொண்டே சொன்னார். "எட்டரைக்குக் கம்பெனி கேட்டைச் சாத்திருவாங்கன்னு நீங்கதானுங் சார் முன் சீட்டுல உக்காந்துட்டு தெனமும் 'மிதி மிதி'ங்கறீங்க. சைக்கிளு குறுக்க வந்தா ஆரன் அடிக்கச் சொல்றதும் நீங்கதானுங்க."

மீதி இரண்டரை கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஐம்பது நிமிடம் ஆயிற்று.

மது இப்போது ஏழு மணிக்கே கிளம்புகிறாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று பள்ளியிலிருந்து அவள் போன் வரும் வரை எனக்குக் காபி இறங்குவதில்லை. இந்தப் பக்கம் சைக்கிளில் வருகிறவர்கள் செயின் கவர் போட்டுக்கொள்ளுங்கள், தரையில் துணி கிடந்தால் இறங்கித் தள்ளுங்கள். எட்டு மணிக்கு முன்பே கடந்துவிடுங்கள். 'மெதுவா போங்க' என்று வேனில் இரண்டு நாள் சொன்னேன். மூன்றாம் நாள் 8.24-க்கு, என்னையறியாமல், "மிதிங்க செல்வராசு" என்றேன்.