வேலியோரத்தில் விட்டுப்போன பிள்ளைகள்

பனமரத்துப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டும்போது பாறை சரிந்து ஆண்டியின் கால் முறிந்தது. ஊரிலேயே மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கால் வீங்கிச் சீழ் வைத்த பிறகுதான் மனைவி மாரக்காள் அவனை வண்டியில் போட்டுச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். முறிந்த அன்றே வந்திருந்தால் கால் நேராகியிருக்குமே என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"ஊட்டை உட்டுப்போட்டு எப்படிங்க வாரது? புள்ளைங்களை ஆரு பாப்பாங்க?" என்றாள் மாரக்காள்.

இப்போதுகூட எருமையை விற்று, பிள்ளைகளைத் தன் தம்பி மாதையனிடம் விட்டுத்தான் அவளால் வர முடிந்தது.

வைத்தியம் இலவசம். ஆனால் நோயாளிக்கு ஆக்கிப்போட ஆள் வேண்டும். மாரக்காள் ஆஸ்பத்திரி வேலியோரத்து வேப்பமரத்தடியில் கல்லைக் கூட்டிக் கம்பங்களி கிண்டினாள்.

ஒருநாள் வாழப்பாடிக்காரி ஆராயி, ஜுரத்தில் துவண்ட கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தையை உள்ளே சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். கூட வந்திருந்த நான்கு வயது மூத்த பெண்ணை அங்கே விடமாட்டார்களாம். ஊருக்கே திரும்பிவிடப் போவதாக அவள் சொன்னாள்.

மாரக்காள் பெரியவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இவளை நான் பாத்துக்கறேன் சாமி. நீ சின்னதைத் தூக்கிக்கிட்டு உள்ள போ."

"அழுவாளே அக்கா."

"அழுவட்டும். அழுதா என்ன?"

அந்தப் பெண் முதல்நாள் முழுக்க அழுதாள். பிறகு களி தின்றாள். குழந்தைக்கு ஜுரம் இறங்கிய பின்பு மூவரும் வாழப்பாடிக்கு வண்டி ஏறினார்கள்.

அதன்பின், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டவர்களுக்கெல்லாம் மாரக்காள் சரி என்றாள். ஆண்டி ஊன்றுகோலோடு எழுந்தான். கிணற்று வேலை இனி ஆகாது என்பதால் அருகிலேயே குடிசை போட்டுக் கயிறு திரித்தான். அவள் வீடுகளில் நெல் குத்தினாள். மாதையனிடம் விட்டிருந்த அவர்களுடைய பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். உள்ளே போன எல்லோரும் பிழைத்துத் திரும்பவில்லை. அப்படிப்பட்ட நாட்களில், தாயில்லாமல் போன பிள்ளையை உறவினர் வந்து அழைத்துப் போகும்வரை அவள் இடுப்பைவிட்டு இறக்கமாட்டாள்.

யுத்த காலத்தில் ஆண்டி இறந்தான். தானியம் கிடைக்காமல் கூழ் நீர்த்துப்போனது. அவளுடைய பிள்ளைகள் அதற்குள் வேலை தேடிப் போயிருந்தார்கள். மாதையன் வண்டி பூட்டிக்கொண்டு வந்து, ஊருக்கு வந்துவிடும்படி அக்காவை அழைத்தான். அப்போது அவளிடம் மோகனூர்ப் பையன் ஒருவன் இருந்தான்.

"இவங்க அம்மா வெளிய வரட்டும், வாரேன்" என்றாள்.

மாதையன் பொழுது சாயும்வரை காத்திருந்தான். அவள் ஊற்றிய கூழைக் குடித்துவிட்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.