பட்டாசு கைதட்டிய வருஷம்

அவள் கை தட்டினால் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் பை ஆலையில் பொட்டலம் கட்டிய காலத்திலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் மேற்பார்வையாளர், "பட்டாசு, ஒண்ணு வெடிம்மா" என்பார். அவள் இரண்டு உள்ளங்கையையும் லேசாகக் குழித்து ஒரே ஒரு அடி அடிப்பாள். கடைசி வரிசையில் நிற்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான்.

அந்த ஆலையை ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இழுத்து மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து இடுப்பு போய்விட்டது. இப்போது டிவிக்கு எதிரே கிடக்கும் பிரம்பு நாற்காலிதான் அவருக்கு டிப்போ. காலையில் செய்தி, மதியம் விவாதம், சாயங்காலம் மேட்ச். நாட்டில் எது நடந்தாலும் அந்த நாற்காலியிலிருந்து ஒரு தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பை வைத்துக்கொண்டு அடுப்பை எரிக்க முடியாதே.

அப்போதுதான் தலையெண்ணி வந்தான். கூட்டங்களுக்கு ஆள் அனுப்புவது அவன் தொழில். வேனில் ஏறுகிற ஒவ்வொருவர் தலையையும் விரலால் தொட்டு எண்ணுவான்.

"உக்காரணும், தட்டணும், திரும்பி வரணும். இதைவிட நோகாத வேலை யாரு தருவாங்கக்கா?"

"எதுக்குத் தட்டணும்?"

"எதுக்குன்னு யோசிச்சா கை வராதுக்கா. என் கர்ச்சீப்பைப் பாரு. ஆட்டினா தட்டு. மடிச்சா நிறுத்து."

வருஷம் பிறந்த கையோடு தேர்தல் வந்தது. பட்டாசும், அவளோடு ஆலையில் இருந்த குழாயும் ஒரே வேனில் ஏறினார்கள். நினைத்த நேரத்தில் கண்ணீர் விடுவாள் என்பதால் இவளுக்குக் குழாய் என்று பெயர். "கொட்டாவி வரும் பாரு, அதை வாயைத் திறக்காம முழுங்கிடு. கண்ணுல தண்ணி தானா நிக்கும்" என்று பட்டாசுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஒரு நாள் கழுத்தில் நீலத் துண்டு, மறுநாள் மஞ்சள் துண்டு. துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் தலையெண்ணிக்கு மட்டும் கோபம் வரும். மற்றபடி இரண்டு கட்சியிலும் நாற்காலியும் ஒன்று, கொட்டகைக்காரனும் ஒருவன், கழிப்பறை இல்லாததும் பொது.

நீலக் கட்சியில் ஒரு வேட்பாளர் இருந்தார். வெண்கலத் தொண்டை. கூலி வேலை பார்த்துத் தன்னை வளர்த்த தாயைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடையும். பட்டாசு முதல் தடவை அதை உண்மையாகவே நம்பினாள். கர்ச்சீப் ஆடுவதற்கு முன்னாலேயே தட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் அதே மனுஷன் மஞ்சள் மேடையில் நின்றார். அதே தாய், அதே கூலி, குரல் உடைந்ததும் அதே இடத்தில். நேற்று வரைக்கும் எவனைத் திருடன் என்றாரோ அவனைத் தெய்வம் என்றார். வாய் கூசவில்லை.

அன்றைக்கு அவர் மேடையை விட்டு இறங்கி வந்து முன்வரிசையில் இருந்த பட்டாசின் கையைப் பிடித்துக்கொண்டார். "இது என் தாயோட கை!" என்றார். கேமராக்கள் ஓடிவந்தன. அவர் நகர்ந்ததும், தடுப்புத் துணி கிழிந்திருந்த இடைவெளியில் அவள் பார்த்தாள். உதவியாளன் ஒருவன் புட்டியைக் கவிழ்த்தான். வேட்பாளர் விரல், விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்து வாடை அவள் வரைக்கும் அடித்தது.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார். "உன்னைக் காட்டினான்டி! கையைப் பிடிச்சாரே!"

"பிடிச்சாரு. அப்புறம் கழுவிக்கிட்டாரு."

"பெரிய மனுஷங்களுக்கு ஆயிரம் பேர் கை. கழுவாம என்ன செய்வாங்க?"

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

மஞ்சள் ஜெயித்தது. தாவி வந்ததற்குப் பரிசாக வெண்கலத் தொண்டைக்குக் கலை, விளையாட்டு இரண்டையும் சேர்த்து மந்திரி பதவி கொடுத்தார்கள். வெயில் ஏறிய மாதத்தில் கலைவாரம் கொண்டாடப்பட்டது. அதற்கும் வேன் வந்தது. மந்திரி திடீரென்று கவிஞர் ஆகியிருந்தார். அவர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு நாலு வரிக்கும் கர்ச்சீப் ஆடியது. நிலா என்றார், தட்டினார்கள். நிலாவே என்றார், மறுபடி தட்டினார்கள்.

மேடை ஓரத்தில் ஒரு வயதான நாடக நடிகையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வாழ்நாள் சாதனைக்கு விருதாம். ஒரு காலத்தில் அந்த அம்மாள் மேடையில் நடந்து வந்தாலே ஊர் மூச்சடக்கும் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கவிதை முடியவில்லை. அம்மாள் கையைத் தூக்கி ஒரு தொண்டனைக் கூப்பிட்டார். அவன் "இதோ முடிஞ்சிடும்" என்று ஜாடை காட்டினான். இன்னொரு தடவை கூப்பிட்டார். அவன் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். பட்டாசு எழுந்து தலையெண்ணியிடம் போனாள்.

"அந்தம்மாவுக்கு பாத்ரூம் போகணும் போல. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீ மேடைக்குப் போறதுக்கு வந்த ஆளா? உக்காருக்கா. என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத."

அவள் உட்கார்ந்தாள். கவிதை முடிந்து, கவிதையைப் பாராட்டி நாலு பேர் பேசி, பிறகு விருது என்றபோது அந்த அம்மாளின் உடை நனைந்திருந்தது. தரையிலும் ஈரம் ஓடியிருந்தது. மேடையில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்து ஒரு அடி பின்னால் போனார்கள். அறிவிப்பாளனுக்குத்தான் மூளை வேலை செய்தது. விருதுத் தொகை அச்சடித்த பெரிய அட்டையைத் தூக்கி அவர் மடியில் வைத்து ஈரத்தை மறைத்தான். "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்றான் போட்டோக்காரன். அந்த அம்மாள் நிஜமாகவே நடிகைதான். சிரித்தார்.

கர்ச்சீப் ஆடியது. பட்டாசு தட்டினாள். தட்டிக்கொண்டே, அந்த அட்டைக்குக் கீழே சொட்டிய ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே போகாம இருந்துடலாமாடி?" என்று வேனில் குழாயிடம் கேட்டாள்.

"இருந்துட்டு? உன் வீட்டுக்காரர் தீர்ப்பைத் தாளிச்சுச் சாப்பிடுவீங்களா?"

குழாய் சொன்னதில் தப்பில்லை. அடுத்த வேனிலும் அவள் ஏறினாள்.

மழை தொடங்கிய சமயம் பெண்கள் வாலிபால் அணி வெளிநாட்டுப் போட்டியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றுத் திரும்பியது. "தின்னுட்டுத் தூங்குறதுங்க, வேறென்ன?" என்று நாற்காலித் தீர்ப்பு வந்தது. அணித்தலைவி, உயரமான ஒல்லிப் பெண், பத்திரிகைக்காரர்களிடம் நடந்ததைச் சொன்னாள். கிளம்புவதற்கு முன் பயிற்சி முகாம் என்று தங்களை அரங்கத்துச் சாமான் அறையில் படுக்க வைத்ததாகவும், சாக்கடை எதிர்த்து அறைக்குள் ஏறியதாகவும், வாலிபால் சங்கத்திலிருந்து வந்த சாப்பாடு கெட்டுப்போய்ப் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு நிற்காமலேயே விமானம் ஏறியதாகவும் சொன்னாள். சாப்பாட்டு ஒப்பந்தம் சங்கத் தலைவரின் சொந்தக் கடைக்கு. சங்கத் தலைவர், மந்திரியின் மச்சான். வாய் திறந்த பெண்கள் எல்லாரையும் ஆடக்கூடாது என்று தடை செய்தார்கள். அவர்கள் சங்க அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் வந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கும் வேன் வந்தது. சங்க அலுவலக வாசலில் அவர்களுக்கு எதிராக நிற்க இந்தத் தடவை பெண்கள் மட்டும் வேண்டுமாம். கையில் அட்டை கொடுத்தார்கள். ஒழுக்கம், மானம் என்று பெரிய எழுத்து. பட்டாசுக்குக் குரல் கணீரென்று இருக்கும் என்பதால் தலையெண்ணி அவளைத் தனியே அழைத்து ஒரு வசனத்தை மனப்பாடம் செய்ய வைத்தான். டிவிக்காரி மைக்கை நீட்டினாள்.

"நாட்டு மானத்தையே வாங்கிட்டாளுங்க. இதே என் பொண்ணா இருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றாள் பட்டாசு. அவளுக்குப் பெண்ணே கிடையாது. பிள்ளையே கிடையாது.

சிறிது நேரத்தில் அந்த அணித்தலைவி சாலையைக் கடந்து வந்தாள். சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. முழங்காலில் கட்டு, லேசாக நொண்டினாள். நேரே பட்டாசின் முன்னால் நின்றாள்.

"அம்மா, நீங்க பேசினது அங்க வரைக்கும் கேட்டுச்சு. எங்க மேட்ச் பாத்தீங்களா?"

"இல்லம்மா."

"அப்போ நாங்க என்ன தப்பு செஞ்சோம்? நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். சொல்லுங்க, கேட்டுட்டுப் போயிடறேன்."

பட்டாசு வாயைத் திறந்தாள். தெரியாதும்மா என்றோ, காசுக்கு வந்தேன் என்றோ, ஏதோ ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் கூட்டத்தின் ஓரத்தில் கர்ச்சீப் ஆடியது. சுற்றிலும் தட்டினார்கள். அவளுடைய கையும் எழுந்தது. வருஷம் முழுக்கப் பழகிய கை, அவளைக் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில், பட்டாசு வெடித்தது.

அணித்தலைவியின் கண் ஒரு தரம் இமைத்தது. அடி வாங்கின மாதிரி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்து போய்விட்டாள்.

திரும்புகிற வேனில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். பிரித்ததும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. மூடியில் சங்கத் தலைவரின் கடைப் பெயர் இருந்தது.

"தின்னாதடி. கெட்டுப்போச்சு."

"பசிக்குது" என்று குழாய் தின்றாள். பட்டாசு ஒரு பருக்கைகூட வாயில் வைக்கவில்லை. ஆனால் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தியெடுத்தவள் அவள்தான். வெறும் வயிறு, பித்தமாக வந்தது. "வண்டிக்குள்ள டீசல் வாடை அடிக்குது பாரு, அது ஒத்துக்கல போல" என்று தலையெண்ணி மற்றவர்களுக்குச் சமாதானம் சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் எந்த வேனிலும் ஏறவில்லை. ஜுரம், தலைவலி என்று சாக்குச் சொன்னாள். மழையில் நனைந்து சில நாள் உட்கார்ந்திருந்த பெண்களைக் காவல்துறை அப்புறப்படுத்தியது. விசாரணைக் குழு போட்டார்கள். குழுவுக்குச் சங்கத் தலைவரையே தலைவராக்கினார்கள்.

வருஷக் கடைசியில் டிவியில் 'இந்த ஆண்டு ஒரு பார்வை' போட்டார்கள். "ஓடி வா, ஓடி வா!" என்று வீட்டுக்காரர் கத்தினார். அரசியல் பகுதியில் வெண்கலத் தொண்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கலைப் பகுதியில் கவிதை கேட்டு மெய்மறந்து தட்டும் முகங்களில் அவள் முகம். விளையாட்டுப் பகுதியில் 'மக்கள் குரல்' என்று எழுத்து ஓட, அவள் நாட்டு மானத்தைப் பற்றிப் பேசினாள். அடுத்த காட்சியாக அந்தப் பெண்களை இழுத்துக்கொண்டு போனதைக் காட்டினார்கள்.

அந்த முகத்தை அவளுக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. உதட்டைச் சுழித்து, கழுத்தை வெட்டி, எவ்வளவு நம்பிக்கையாகப் பேசுகிறாள்!

"ஒரு வருஷத்துல மூணு இடத்துலயும் நீதான்டி! மந்திரிகூட ரெண்டுலதான் வந்தாரு!"

"அது அவங்க சொல்லச் சொன்னது. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியாமலா? தலையெண்ணி வந்து கூட்டிட்டுப் போனதை நான் பாக்கலையா?" என்று சிரித்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஆனா நீ சொன்னது கரெக்ட்தானே? அந்தப் பொண்ணுங்களுக்குத் திமிருதான்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூலிக்குச் சொன்னது என்று தெரிந்தவர். சொன்னவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அப்படியும் டிவியில் வந்துவிட்டதால் நம்புகிறார். மேடையில் பார்த்த அசிங்கமெல்லாம் தெருவோடு போகிறது என்று நினைத்திருந்தாள். அது நடுவீட்டில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. டிவியை அணைத்தாள். "ஏய், மேட்ச் போடப் போறான்!" என்றார். மறுபடி அவரே போட்டுக்கொண்டார்.

தலையெண்ணி அடுத்த வாரம் வந்தான். சங்கத் தலைவருக்குப் பெரிய பதவி கிடைத்திருக்கிறது, பாராட்டு விழா என்றான்.

"நான் வரல. இனிமே எதுக்கும் வரல."

"உன் கை மாதிரி கை கிடைக்காதுக்கா."

"கிடைக்கும். தேடு" என்று கதவைச் சாத்தினாள்.

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை கேட்டுப் போனாள். கொடுத்தார்கள். சீழும் ரத்தமுமாக வரும் போர்வைகளை உதறிப் பிரித்துப் போடும் வேலை. வாடைக்குப் புது ஆட்கள் இரண்டு நாளில் ஓடிவிடுவார்களாம். அவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. மதியம் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாகப் பசித்தது.

குழாய்தான் ஒரு நாள் வந்து சொன்னாள். "அந்த நெட்டைப் பொண்ணு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்புக் கடையில நிக்குது. ஆட விடலையாம்."

பட்டாசு வேலை முடிந்து நேரே போனாள். அணித்தலைவி ஒரு ஆளின் காலடியில் குனிந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் இறுகியது.

"அன்னைக்கு நான் பேசினது அத்தனையும் பொய்ம்மா. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். உன் மூஞ்சிக்கு நேரா தட்டினேன் பாரு, அதை யாரும் சொல்லித் தரல."

அந்தப் பெண் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள்.

"அதை இங்க வந்து சொல்றீங்க. மைக் கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்."

"பரவாயில்லன்னு என்கிட்ட எதிர்பார்க்காதீங்க."

"இல்லம்மா."

கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். "என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாமாம்" என்றாள் அந்தப் பெண். அடுத்த ஆள் அதற்குள் காலை நீட்டிவிட்டிருந்தான். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். பட்டாசு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றாள். எதிர்ச் சுவரில் மந்திரியின் இரண்டாவது கவிதைப் புத்தகத்துக்குச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை வழிந்து நடைபாதையெல்லாம் சொட்டியது. சீ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் வைக்க ஈரமில்லாத இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றாள்.