ஈசானிய மூலையில் ஒற்றைக் கால்

‘ஆவணி 19, புதன். காலை 6.10. மேகமூட்டம். வலது 22. இடது 9.’

என் குறிப்பேட்டின் இந்த வரி வேறு யார் கண்ணில் பட்டாலும் ஒன்றும் விளங்காது. மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், சிறுமலைப் பேருந்து வராத நாள் என்று எதையாவது எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு நாற்பது ஆண்டுகளாக உண்டு. அன்று எழுதியது, ஒற்றைக் காலில் நின்று எதுவரை எண்ண முடிந்தது என்பது. முந்திய வாரம் இடது காலுக்கு நேராக 14 என்றிருக்கிறது. அதற்கும் முந்திய வாரம் 17. பேனாவை மூடிவிட்டு மூன்று எண்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் அண்ணன் சித்தையன்கோட்டையில் விவசாயம் பார்த்தவர். அறுபத்தொன்றாவது வயதில் ஒருநாள் வரப்பில் கால் மடங்கி விழுந்தார். சேற்றோடு எழுந்து வந்தவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார். அடுத்த மாதம் மாட்டுக் கொட்டத்தில் விழுந்தார். தசைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துபோகும் நரம்பு நோய் என்றார்கள். மூன்றாம் ஆண்டு, தண்ணீர் விழுங்கக்கூட முடியாமல் போய்ச் சேர்ந்தார். சில குடும்பங்களில் இது தொடர்ந்து வரலாம் என்று அப்போது ஒரு மருத்துவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எழுதி மட்டும் வைத்தேன்.

எனக்கு இந்த ஆனியில் அறுபத்தொன்று. ஆடி இரண்டாம் வாரம், ஆத்தூரிலிருந்து வந்த பேருந்தை விட்டு இறங்கும்போது இடது கால் மடங்கி, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் முழங்கால் தேய விழுந்தேன்.

மருத்துவர் முழங்காலைச் சுத்தியலால் தட்டினார், குதிகாலில் நடக்கச் சொன்னார். “இப்போதைக்கு பயப்பட ஒண்ணும் தெரியல. மூணு மாசம் பாப்போம். பேலன்ஸுக்கு ஏதாச்சும் பண்ணுங்க. தாய்ச்சி நல்லது, போன்லயே இருக்கு.” அவ்வளவிலும் ‘இப்போதைக்கு’ என்ற சொல் மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது. மனைவியிடம் பஸ் படியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன்.

கூடத்தில் சோபாவும் தையல் இயந்திரமும் போக இடமில்லை. மொட்டை மாடியில் முக்கால் பங்கு துணிக்கொடி. மிஞ்சியது வடகிழக்கு மூலை. கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சீனக் கிழவரைப் பார்த்துத் தொடங்கினேன். அவர் பேசியது புரியவில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். எடையை ஒரு காலுக்கு முழுவதும் மாற்றிய பிறகே மறு காலை எடுக்க வேண்டும். ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது போல, ஒரு கால் வெறுமையாகி மற்றது நிறைந்திருக்க வேண்டும். தெற்கு நோக்கித் தொடங்குவது மரபு என்றும் அதில் இருந்தது.

துணி உலர்த்த வந்த மனைவி, நான் அதைச் சொல்லக் கேட்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

“விடிஞ்சதும் விடியாததுமா தெக்கப் பாத்து நிப்பாகளா? எமன் தெசை. சூரியனப் பாத்து நில்லுங்க.”

“அந்தாளு தெக்கதான் நிக்கிறாரு.”

“அவரு ஊர்ல எமன் வேற பக்கம் இருப்பாரு.”

வேறு சமயமாக இருந்தால் வாதாடியிருப்பேன். அந்த நாட்களில் எமன் என்ற சொல்லையே கேட்க விருப்பமில்லை. கிழக்கே திரும்பினேன். அன்று முதல் தினமும் கிழக்குதான்.

மூன்றாம் வாரம் ஒற்றைக் காலில் சேவல் நிற்கும் பாடம் வந்தது. ஒரு முழங்காலை இடுப்பளவு தூக்கி, அதே பக்கக் கையை முகத்துக்கு நேரே உயர்த்தி நிற்க வேண்டும். அடுத்த மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, பஸ்ஸ நிறுத்துறீகளா?”

“தாய்ச்சிம்மா. சீனாக்காரன் பயிற்சி.”

“அதான் இம்புட்டு மெதுவா இருக்கு. பஸ் போயிரும்ணே!”

சிரித்தேன். வலது காலில் நின்றபோது சிரிக்க முடிந்தது. கால் மாற்றியதும் உடம்பு இடப்புறம் சரிந்தது. கணுக்கால் நடுங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அன்றுதான் எண்ணத் தொடங்கினேன்.

எண்ணாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொரு காலையும் மாடிப் படி ஏறும்போதே ‘இன்று எத்தனை’ என்ற பயம் வந்துவிடும். நேற்றைய எண் நினைவுக்கு வந்ததும் தொடை இறுகும். இறுகினால் நிற்க முடியாது. இது தெரிந்தும் என்னால் அதை விட முடியவில்லை. இரு தொடைகளையும் தையல் நாடாவால் அளந்தேன், குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு. இடது அரை விரற்கடை குறைவாகத் தெரிந்தது. மறுபடி அளந்தால் சமமாக இருந்தது. சோறு விழுங்கும்போது தொண்டையைக் கவனித்தேன். மதுரையில் நரம்பு மருத்துவரிடம் டோக்கன் போட்டு, அந்த வியாழக்கிழமை போகாமல் விட்டேன். போய், அவரும் அண்ணனின் நோயையே சொல்லிவிட்டால்?

ஆவணிக் கடைசியில் ஒரு மழை. கூடத்துச் சுவரில் ஈரம் இறங்கியதால், வீடு கட்டிய கொத்தனார் வந்தார். மாடியில் அவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மூலையில் நான் சாக்கட்டியால் வரைந்திருந்த பாதத் தடங்களைப் பார்த்துவிட்டார்.

“இது என்னய்யா, பூசைக்கா?”

“காலு வச்சு நிக்கிறதுக்கு.”

“இங்கனயா? தண்ணி மொத்தமும் வந்து விழுகுற எடத்துல?” ஒரு சொம்புத் தண்ணீரை என் தடங்களின்மேல் ஊற்றினார். வலது தடத்திலிருந்து இடது தடத்துக்கு ஓடி, ஈசானிய மூலைக் குழாயில் இறங்கியது. “வாஸ்துப்படி தண்ணி ஓட வடகெழக்குக்கு வாட்டம் விடச் சொன்னது நீங்கதான? நல்லாவே இறக்கி விட்ருக்கேன். இதுல ரெண்டு கால்ல நிக்கிறதே கஷ்டம்யா.”

தண்ணீர் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கு நோக்கி நின்றால் இடது கால் எப்போதும் பள்ளத்தில்.

அவர் போனதும் மேற்கே திரும்பி நின்றேன். வலது 12, இடது 14. உடம்பெல்லாம் லேசானது போல் இருந்தது. கீழே ஓடி, சோபாவை இழுத்துப் போட்டு, கூடத்துச் சமதளத்தில் நின்றேன். வலது 21. இடது 15. மறுபடியும் செய்தேன். வலது 20. இடது 15.

மாடிச் சரிவு கொஞ்சத்தை விளக்கியது. முழுவதையும் விளக்கவில்லை.

சோபா இழுபட்ட சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து வந்த மனைவி, தரையில் கிடந்த குறிப்பேட்டை எடுத்துப் படித்தாள். அவளுக்கு அது உடனே விளங்கிவிட்டது.

“பஸ்ல வழுக்கலையா அப்ப?”

“தெரியல. வழுக்குன மாதிரியும் இருந்துச்சு, கால் விட்ட மாதிரியும் இருந்துச்சு.”

“ஏங்க, இம்புட்டு நாளா ஒத்தையில பயந்துக்கிட்டா இருந்தீக?” குரல் உடைந்தது. பிறகு உடனே கோபம். “மழைக்கு ஒரு பக்கம் எழுதுறீக. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல.”

அவளே மதுரைக்கு மறுபடி டோக்கன் போட்டாள், அடுத்த வியாழனுக்கு. குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, எப்படித் தொடங்கியது என்று கேட்பார்கள், விவரத்தோடு வாருங்கள் என்றார்களாம். சித்தையன்கோட்டைக்கு நானே போன் செய்தேன். மதினி எடுத்தார்கள்.

“மதினி, அண்ணனுக்கு மொதல்ல விட்டது எந்தக் காலு?”

“வலதுதான் தம்பி. வலது செருப்புதான கழண்டு கழண்டு போகும். ஏன், ஒங்களுக்கு என்ன?”

பின்னாலிருந்து அவர் மகன் குரல் கேட்டது: “இடதும்மா. நான்தான தாங்கிப் புடிச்சுக் கூட்டிப் போவேன், எனக்குத் தெரியாதா?”

மருத்துவச் சீட்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். பதினாறாம் நாள் படுக்கையோடு சேர்த்து எரித்துவிட்டார்களாம்.

என் பழைய குறிப்பேடுகளைத் தேடினேன். அண்ணன் வரப்பில் விழுந்த நாள் இருக்கிறது. கிழமை இருக்கிறது. அன்று பெய்த தூறல்கூட இருக்கிறது. எந்தக் கால் என்று நான் எழுதவில்லை. தெரிந்தாலும் அதை வைத்து மருத்துவர் எதுவும் சொல்ல மாட்டார் என்பது எனக்கே புரிகிறது. ஆனாலும் இதைத்தான் இரவும் பகலும் யோசிக்கிறேன்.

மதுரைக்கு எடுத்துப்போக ஒரு தாளில் விவரங்களை எழுதியிருக்கிறேன். அதன் ஐந்தாவது வரி: ‘அண்ணனுக்கு முதலில் தளர்ந்த கால்: அவர் மனைவி வலது என்கிறார், மகன் இடது என்கிறார். உறுதி செய்ய முடியவில்லை.’