மட்டக்குதிரைக்கு மாப்பிள்ளை கனமா

மலாக்காவில், காஜா பேராங்கில் நான் படுத்த அறைக்கும் மட்டக்குதிரையின் லாயத்துக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அது முதுகைச் சொறிந்தால் என் கட்டில் ஆடும். மலாயாவில் சுதந்திரக் கொடி ஏறப்போகிற வருடம், பங்களாத் துரை குடும்பத்தோடு கப்பல் ஏறிவிட்டார். பிள்ளைகள் ஏறித் திரிந்த குதிரையை, அதைப் பார்த்துக்கொண்ட என்னிடமே விட்டுப் போனார்கள். புது ஆள் வரும்வரை பூட்டிய பங்களாவுக்கு நான் காவல். கல்யாணம் எனக்கு அமையவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தேன்.

என்னைத் தேடி வருகிறவர் ஒருவர்தான். ரப்பர் லோரி ஓட்டுகிறவர். என்னைவிட நாலைந்து வயது இளையவர், என்னைப் போலவே தனியாள். சாயங்காலம் வேலிக்கு வெளியே லோரியை நிறுத்திவிட்டு, குதிரைக்கு ஒரு துண்டு கரும்போடு வருவார். அது பெட்டைக் குதிரை. "அண்ணே, உங்க வீட்டம்மா இன்னைக்கு என்ன சொல்றாங்க?" என்று லாயத்தைக் காட்டிக் கேட்பார். தினமும் அதே கேலி. தினமும் சிரிப்பேன். அதைக் கேட்காத நாள் நாளாகவே இருக்காது.

நாற்பதைத் தொட்ட பிறகு அவருக்குப் புக்கிட் காதிலில் பெண் அமைந்தது. நிச்சயத்தன்று பெண்ணின் அண்ணன்கள், மாப்பிள்ளை கடைசி பஸ்ஸுக்கு ஓடிவந்து ஏறிவிட்டார் என்று சிரித்திருக்கிறார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. நேரே என்னிடம் வந்தார். கல்யாணத்தன்று முச்சந்தியிலிருந்து பெண் வீடு வரைக்கும் குதிரையில்தான் போகவேண்டுமாம்.

"ஓடி வர்றவனா, ஏறி வர்றவனான்னு அவனுங்க பார்க்கணும்ண்ணே."

ஏற்றிப் பார்த்தேன். குட்டையான, உருண்ட உடம்பு. கால்கள் அங்கவடியில் அளவெடுத்தது போல நின்றன. நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அத்தை வெளியே வந்து பார்த்தார். மலாக்காச் செட்டி வீட்டு அம்மா அவர். முன்னோர் தமிழர்தான், ஆனால் தமிழ் வராது, பேச்செல்லாம் மலாயில்தான். பொம்மைக்குச் சட்டை தைத்த மாதிரி பொருந்துகிறதே என்றார். தெருவும் அப்படித்தான் சொன்னது.

நான் ஏறினால் என் கால் தரையைத் தட்டும். பார்க்கிறவர்கள் குதிரைக்காகப் பரிதாபப்படுவார்கள். ஆனால் நான் வெறும் எலும்பு. அவரோ அறுபது கிலோ வரும் ஒரு பிக்குல் ரப்பர் மூட்டையைவிடக் கனம். ரப்பர் கடைத் தராசில் விளையாட்டுக்கு ஏறி நின்று, தானே சொல்லிச் சிரித்தவர்தான். ஊர் காலைப் பார்த்து அளக்கிறது. குதிரைக்கு அளவு முதுகில் அல்லவா இருக்கிறது?

அவர் இறங்கியதும் சேணத்தை அவிழ்த்து, அது இருந்த இடத்துக்குப் பின்னால் இரண்டு கட்டைவிரலால் அழுத்தினேன். குதிரை முதுகைத் தாழ்த்தி, வலியில் விலகிப் போனது.

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெண் வீட்டுப் பக்கத்திலேயே அவருக்கு வீடு பார்த்தாகிவிட்டது. இந்தக் கல்யாணத்தோடு என் சாயங்காலங்கள் போய்விடும். வேண்டாம் என்று சொன்னால் அது குதிரைக்காகவா, எனக்காகவா? எனக்கே தெரியவில்லை. கூட்டாளி போகிறான், கிழவனுக்கு வயிறு எரிகிறது என்று காப்பிக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். என் கட்டைவிரலையே நான் நம்பாத நாட்கள் அவை.

அதனால் கிளேபாங் கடற்கரைக்குப் போகலாம் என்றேன். ஈர மணல் யார் பக்கமும் சாயாது. துரையின் மூத்த மகள் வளர்ந்து கனம் கூடக் கூட, மழை பெய்த தரையில் குளம்படிகளைப் பார்த்துப் பார்த்து நானாகக் கண்டுகொண்டது ஒன்று உண்டு. எங்கள் குதிரை தாங்கக்கூடிய கனத்தோடு நடந்தால், அதன் பின்னங்கால் முன்னங்கால் பதிந்த குழியைத் தாண்டி விழும். கனம் மிஞ்சினால் அந்தக் குழியை எட்டாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, தண்ணீர் வற்றிக் கிடந்தது. முதலில் குதிரையை வெறும் முதுகோடு நடத்தினேன். பிறகு அவரை ஏற்றி, பக்கத்திலேயே இன்னொரு வரிசை.

"எப்படிண்ணே? சொல்லுங்க லா."

"நான் சொல்ல மாட்டேன் தம்பி. இறங்கி நீங்களே பாருங்க."

எதைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். முழங்காலில் கையூன்றிக் குனிந்தபடி இரண்டு வரிசையையும் கடைசிவரை பார்த்துக்கொண்டு போனார். திரும்பியும் அப்படியே வந்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மேல இருக்கிறப்ப ராஜா மாதிரி இருந்துச்சு" என்றார். "கீழ வந்தாத்தான் அதோட அடி குறுகிப் போனது தெரியுது."

குதிரையின் கழுத்தை வெகுநேரம் தடவிக்கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வாயால வேணாம்னு சொல்லியிருந்தீங்கன்னா உங்களைத் தப்பா நினைச்சிருப்பேண்ணே" என்றார்.

"தெரியும்" என்றேன். என்னை நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

சேதி கேட்ட மாக்சிக் மலாயில் ஒன்று சொன்னார். கல்யாணம் மனுஷனுக்கு, களைப்பு மட்டும் குதிரைக்கா என்று. இப்படி யாராவது எதையாவது சொன்னால் எனக்கு மறக்காது.

கல்யாணத்தன்று மாலை போட்ட குதிரையை நான் முன்னால் பிடித்துப் போனேன். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் வியர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். குதிரை சும்மா வருது, நீங்க ஏன் நடக்கிறீங்க என்று பெண்ணின் மூத்த அண்ணன் வாசலில் சிரித்தார்.

"குதிரைக்கு நான் பாரம்தான் மச்சான். உங்க தங்கச்சிக்கு அப்படி இருக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. அந்த அண்ணன் இறங்கிவந்து, கையைப் பிடித்து அவரை உள்ளே அழைத்துப்போனார். குதிரையை உள்ளே யாரும் கூப்பிடப்போவதில்லை. அதோடு நானும் மரத்தடியில் நின்றேன். சாப்பாடு இலையோடு அங்கேயே வந்தது. திரும்பும் வழியெல்லாம் குதிரை தன் மாலையை எட்டினவரைக்கும் கடித்துத் தின்றுகொண்டே வந்தது.

அதற்குப் பிறகு மனைவியோடு ஒரு தடவை வந்தார், கரும்போடு. அப்புறம் அவருக்கு வேறு பக்கம் ஓட்டம் போட்டுவிட்டார்கள்.

சாயங்காலம் தெருமுனையில் ரப்பர் லோரி திரும்பினால் குதிரை காதைத் திருப்பும். "அது வேற லோரிம்மா" என்று அதனிடம் சொல்வேன், வேலியைப் பிடித்துக்கொண்டு.