அண்ணன் எழுதி முடித்த சுவர்

எங்கள் அண்ணன் பென்னலூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட, சென்னையில் போர்டு எழுதும் கடையில் வேலை பழகி எங்களைக் கரையேற்றினார். எனக்குத் திருமணம் செய்துவைத்தவரும் அவரே.

அவருக்கென்று ஓர் எழுத்து இருந்தது. காம்பஸும் ஸ்கேலும் வைத்து, வட்டமும் நேர்கோடுமாக எழுத்தின் ஓரத்தை மட்டும் வரைவார். உள்ளே வண்ணம் கிடையாது. சுவரின் நிறமே எழுத்தின் நிறம். பெங்களூர் ரோட்டில் போகிற லாரிக்காரர் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். "கம்பெனி பேருக்குத்தான் இது. அட்ரஸுக்குப் போட்டா ரெண்டு கோடும் ஒட்டிக்கினு ஒண்ணும் தெரியாது" என்பார். டயர் கடை, சோடாக் கடை, ரைஸ் மில் என்று எத்தனையோ பெயர்களை அப்படி எழுதினார். சுவரில் நேர்கோடு போடும் சுண்ணாம்பு நூலின் மறுமுனையைப் பிடித்தவர் என் கணவர். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அண்ணன்தான்.

எழுபதுகளில் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலை வந்தது. அதன் நீளமான மதில்சுவரில் கம்பெனியின் பெயரை அண்ணன் எழுதி முடித்தார். மறுநாளே மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். சுவரைப் பார்க்க வந்த மேனேஜர், "என்னப்பா, வெறும் கோடா இருக்கு? வேலை பாதியில நிக்குதா?" என்று கேட்டாராம். "ஆமா சார், வுட்டுட்டுப் பூட்டாரு. நான் முடிச்சித் தரேன்" என்றாராம் என் கணவர். உள்ளே முழுக்கச் சிவப்பு அடித்து, மூலையில் தம் பெயரையும் போட்டுக்கொண்டார்.

அதோடு போயிற்று அண்ணனின் பெயர். அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிற ஆள் என்று ரோடு முழுக்கப் பேச்சு. இந்த நினைவு மலரைப் படிக்கிற உறவினர்களே, நீங்களும்தான் சொன்னீர்கள். இல்லை என்று மழுப்ப வேண்டாம். வேலையெல்லாம் என் கணவருக்குப் போனது. அண்ணன் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, ஷிப்டும் ஓ.டி.யுமாக உழைத்தார். பிறகு பிரஷ்ஷைத் தொடவே இல்லை. யாரையும் ஒரு குறை சொன்னதில்லை.

கடைசியில், அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அந்தச் சுவர் விஷயத்தில் நடந்ததையெல்லாம் அண்ணி தாங்க முடியாமல் என்னிடம் கொட்டிவிட்டார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி வருஷம் நான் கம்முனு இருந்தது எதுக்கு? தங்கச்சி நல்லா வாழணும்னுதானே? இப்பப் போய் ஏன்டி சொல்ற?"

என் வாழ்க்கைக்குப் பயந்தல்லவா அவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்! வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். "அரைகொறையாத்தானே கெடந்துது? இன்னா பொய் சொல்லிட்டேன் நானு?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. அந்த வாரமே அண்ணன் போய்விட்டார்.

இந்த மலருக்கு அட்டை எழுதித் தருவதாகக் கணவரே முன்வந்தார். ஓரக்கோடு மட்டும் வரைந்து கொண்டுவந்தார்.

"உள்ள கலர் அடிக்கலியா?" என்றேன்.

"இதுக்கு இன்னாத்துக்குக் கலரு? மச்சான் எழுத்து இப்டித்தான். இதோட முடிஞ்சிது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டி வைத்துக்கொண்டு ஓடிவந்த அண்ணனின் ஷிப்ட் தோழர்களுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த பென்னலூர், சேரப்பணஞ்சேரி உறவினர்களுக்கும், இரவும் பகலும் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அண்ணிக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அட்டை எழுதியவருக்கு நன்றி கிடையாது. வழக்கம்போல மூலையில் தம் பெயரைப் போடக் குனிந்தார், பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டேன்.