விழுங்கிய ‘லா’

தொலைக்காட்சிக்கு நகைச்சுவை எழுதுவது ஜாலியான வேலை என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். என் முதல் தொடரின் நாலாம் நாள் படப்பிடிப்பில், மலேசியாவின் ஈப்போ நகரத்தில் ஒரு ஃப்ளாட் படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் ஆடு நின்று என் ஸ்கிரிப்டைத் தின்றுகொண்டிருந்தது.

அது கதையில் வருகிற ஆடு. பீடோர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தை அழித்துச் செம்பனை போட்டதும் ஒரு குடும்பம் ஈப்போ ஃப்ளாட்டுக்குக் குடிவருகிறது. தோட்டத்து லய வீட்டில் வளர்த்த ஆட்டை விட மனமில்லாமல் அதையும் நாலாம் மாடிக்கு ஏற்றிவிடுகிறது. அந்த ஆட்டை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் மறைப்பதுதான் தொடர். எங்கள் குடும்பமும் அப்படி வந்ததுதான். நாங்கள் கொண்டுவந்தது கோழி.

எழுதுவது, தயாரிப்பது, ஆட்டுக்குப் புல் தேடுவது எல்லாம் நானே. குடும்பத் தலைவராக நடிக்க, கோப்பெங்கில் ஸ்கூல் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ராஜு அண்ணனைப் பிடித்தேன். அவர் அதற்குமுன் நடித்ததே இல்லை. ஆனால் கோயில் திருவிழாவில் மைக் பிடித்து, காணாமல் போன செருப்பைப் பற்றி அவர் அறிவிப்புச் செய்தாலே கூட்டம் சிரிக்கும். நான் கூப்பிட்டதும் பஸ்ஸை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார். அவர் மனைவி சரசு அக்கா இந்தச் செய்தியைக் கோப்பெங்கில் சொல்லாத வீடு இல்லை.

1. சிவப்பு வட்டங்கள்

நான் அழுததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. சேனலின் மொழி அதிகாரி கோலாலம்பூரிலிருந்து பேசினார். ஓயாத மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் வளர்ந்தவர் என்றாலும் அவர் தமிழில் ஒரு சொட்டு வழு விழாது. சளி பிடித்தாலும் செந்தமிழில்தான் தும்முவார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

“‘லா’ என்பது தமிழ்ச்சொல் அன்று. உங்கள் வசனத்தில், முதல் பகுதியில் மட்டும் நாற்பத்தேழு இருக்கின்றன. எல்லாவற்றிலும் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.”

“மலாய்க்காரங்க, சீனருங்க மாதிரி எங்க ஆளுங்களும் பேச்சு முடிவுல லா போட்டுத்தானே பேசுறாங்க, அம்மா?”

“பேசட்டும். பள்ளிப் பிள்ளைகள் கட்டுரையிலும் அப்படியே எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘மரம் நமக்கு நிழல் தரும் லா’ என்று ஒரு மாணவன் எழுதியிருப்பதாக ஓர் ஆசிரியை கடிதம் போட்டிருக்கிறார்.”

எனக்கு அந்த மாணவனை உடனே பிடித்துவிட்டது.

“வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லாவும் இல்லாமல் முதல் பகுதி என் மேசைக்கு வர வேண்டும். உங்கள் நடிகரால் முடியவில்லை என்றால் இங்கே பயிற்சி பெற்ற நடிகர் ஒருவர் தயாராக இருக்கிறார்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று புதன்கிழமை.

2. பதினெட்டாவது டேக்

ஸ்கிரிப்டில் லாவை அடிப்பது ஐந்து நிமிட வேலை. ராஜு அண்ணன் வாயிலிருந்து எடுப்பதுதான் முடியவில்லை. வசனம் ரொம்பச் சின்னது: “ஆடு என்னோடது இல்ல.” அவ்வளவுதான்.

“ஆக்‌ஷன்!”

“ஆடு என்னோடது இல்ல லா.”

“கட்! அண்ணே, லா வந்துருச்சு.”

“வந்துருச்சா? சாரி லா, தங்கச்சி.”

பதினேழு டேக் போனது. கையில் பேனாவால் ‘லா வேண்டாம்’ என்று எழுதிக்கொண்டார். கையைப் பார்த்தே, “லா வேண்டாம் லா” என்றார். யூனிட்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இது என்னா வார்த்தையா, நிறுத்துறதுக்கு? மூச்சு விடுற மாதிரி தானா வருது. என்னால உன் படம் கெட வேணாம். அந்த கோலாலம்பூர் ஆளையே போட்டுக்க. நான் திரும்ப பஸ்ஸுக்குப் போறேன். சரசுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தார். இவரை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போட்டால் தொடர் ஓடும், ஆனால் அது என் தொடராக இருக்காது என்று தெரிந்தது.

“இன்னும் ஒரே ஒரு டேக், அண்ணே.”

“ஆடு என்னோடது இல்ல” என்றார். நாக்கு மேலே போய் அண்ணத்தைத் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில் நினைவு வர, லாவை அப்படியே விழுங்கி வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் பெரிதாக விரிந்தது.

கேமராமேன் தோள் குலுங்கிச் சிரித்ததில் ஷாட்டே ஆடிப்போனது. சவுண்ட் பார்த்தவர் ஹெட்போனைக் கழற்றிக் கத்தினார்: “க்ளீன், அக்கா! ஒன்னுமே கேக்கல!”

மானிட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஆடியோவில் லா இல்லை. படத்தில் இருக்கிறது. நாக்குக்குச் சிவப்பு வட்டம் போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

நாற்பத்தேழு இடத்திலும் அண்ணனை விழுங்கச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் க்ளோசப் வைத்து, ஒரு நொடி கூடுதலாக நிறுத்தினேன். எடிட்டர் அந்த நொடியை வெட்டப் போனபோது கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை மொழி அதிகாரி ஸ்கிரிப்டும் பேனாவுமாக உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். பக்கத்தில் நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு லாவும் இல்லை. மகிழ்ச்சி” என்றார். பிறகு, “இவர் ஏன் அடிக்கடி மீனைப் போல வாயைத் திறந்து மூடுகிறார்?”

“நடிப்பு, அம்மா.”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

3. காப்பிக்கடை

முதல் பகுதி மறுநாள் சாயங்காலம் ஒளிபரப்பானது. கோப்பெங்கில் ஒரு சீனர் காப்பிக்கடையில், ராஜு அண்ணன், சரசு அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். கடை நிறைய நம் ஆட்கள். திரையில் அண்ணன், “ஆடு என்னோடது இல்ல” என்றார். நாக்கு மேலே போனது.

“லா!” என்று மொத்தக் கடையும் கத்தியது.

அடுத்த வசனத்துக்கும் கத்தினார்கள். மூன்றாவது தடவை, தமிழில் ஒரு வார்த்தையும் தெரியாத கடை முதலாளி, கையில் காப்பிக் கோப்பையோடு, எல்லோரையும் விடச் சத்தமாக “லா!” என்றார். சரசு அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த வாரத்தில் இரண்டாவது தடவை, ஆனால் இந்த அழுகை இனித்தது.

அதுவரை ஒவ்வொரு ஜோக்கிலும் கடைசி வார்த்தையை நானே எழுதிவிடுவேன். அன்றிலிருந்து அதைப் பார்க்கிறவர்களுக்கு விட்டுவைக்கிறேன். அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள். இத்தனை வருட வேலையில் நான் படித்தது இது ஒன்றுதான். இதையும் ஒரு ஸ்கூல் பஸ் டிரைவரின் நாக்கிலிருந்துதான் படித்தேன்.

தொடர் முடிந்த வாரம் மொழி அதிகாரி கூப்பிட்டார்.

“இரண்டாம் பருவத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதே நடிகர்தான் வேண்டுமாம். சீக்கிரம் எழுதி அனுப்புங்கள்.”

சரி என்றேன். அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் எதையோ விழுங்குகிற சத்தம். நான் காத்திருந்தேன்.

“மிச்சத்தை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்” என்றார்.